கோல்ஃபாக்ஸில் பலகை போனது, தூண் நிற்கிறது: அமெரிக்கத் தெற்கின் வரலாற்றுப் பலகைகளை வாசிப்பது எப்படி?

லூசியானா மாநிலத்தில் ரெட் ஆற்றங்கரையில் கோல்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறக்குறைய 1,400. கிராண்ட் பாரிஷின் தலைமையிடம் அதுதான். (மற்ற மாநிலங்களில் 'கவுண்டி' எனப்படும் மாவட்டத்துக்கு லூசியானாவில் 'பாரிஷ்' என்று பெயர்.) இந்த ஊரில் 1950 முதல் நின்ற வரலாற்றுப் பலகை ஒன்று 2021 மே 15 அன்று கழற்றப்பட்டது. அதே ஊரின் கல்லறைத் தோட்டத்தில் 1921-இல் நட்ட பளிங்குத் தூணை யாரும் தொடவில்லை. அதன் வாசகம் பலகையின் வாசகத்தைவிடக் கொடியது. 2023 ஏப்ரல் 13 அன்று மூன்றாவதாக ஒரு கருங்கல் சின்னம் திறக்கப்பட்டது.

மூன்றும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றியவை: 1873 ஏப்ரல் 13 அன்று வெள்ளையர் கும்பல் ஒன்று இந்த ஊரில் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தது. இதைச் செய்தியில் படிப்பவர்களுக்கு இயல்பாகவே சில குழப்பங்கள் வரும். அரசு வைத்த பலகையை எப்படி எடுக்க முடிந்தது? அதை எடுத்தவர்கள் தூணை ஏன் விட்டார்கள்? பலகை வைத்த இடம் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது இல்லையா? பதில்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடிச்சிடப்பட்டிருக்கின்றன: நட்டது யார், எந்த ஆண்டில், யாருடைய நிலத்தில், எந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ். பலகை எதைச் சொல்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்கள்

அமெரிக்கத் தெற்கின் எந்தச் சிற்றூரிலும் நீதிமன்றச் சதுக்கத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் நான்கு வகை விஷயங்கள் கண்ணில் படும், அல்லது படாமல் போகும். வெளியூர்க்காரர்கள் இவை எல்லாவற்றையும் 'வரலாற்றுச் சின்னம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

1. வரலாற்றுப் பலகை. சாலையோரத்தில் கம்பத்தின் மேல் நிற்கும் வார்ப்பு அலுமினியத் தகடு. மாநில அரசின் வரலாற்றுத் துறையோ, அது பொறுப்பளித்த சங்கமோ வைக்கும். ஜார்ஜியாவில் 1998 முதல் இந்த வேலையைப் பார்ப்பது அரசுத் துறை இல்லை, ஜார்ஜியா வரலாற்றுச் சங்கம். பலகையின் பணி தகவல் சொல்வது மட்டுமே.

2. நினைவுச்சின்னம். தூண், சிலை, கல். இதன் பணி தகவல் சொல்வதைவிட மரியாதை செலுத்துவது. தெற்கில் நிற்கும் கூட்டமைப்புப் படைவீரர் சிலைகளில் (அடிமைமுறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்து போரிட்ட தென் மாநிலங்களின் அணிதான் கூட்டமைப்பு) பெரும்பான்மை, உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து ஒரு தலைமுறை கழித்து எழுந்தவை. அவற்றில் பலவற்றை நிறுவியது 1894-இல் நாஷ்வில்லில் தொடங்கிய 'கூட்டமைப்பின் புதல்வியர் ஒன்றியம்'.

3. தேசிய வரலாற்று இடங்களின் பதிவேடு. 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பொதுவாக 50 ஆண்டு பழமை கேட்கும். இது ஏட்டில் உள்ள பட்டியல். கட்டடத்தின் மேல் எதுவும் ஒட்டியிருக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் ஏறியவற்றுக்கு அரசு வெண்கலத் தகடு தருவதும் இல்லை. வாசலில் தகடு இருந்தால் அது உரிமையாளர் தன் காசில் வாங்கி மாட்டியது.

4. ஊராட்சியின் வரலாற்றுப் பகுதி விதி. இதற்குத்தான் உண்மையான பல் உண்டு. இந்த விதி உள்ள தெருவில் சன்னலை மாற்றவும் கூரை ஓட்டைப் பிரிக்கவும்கூட உள்ளூர்க் குழுவின் சான்றிதழ் வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகையைப் பார்த்துப் பழகிய கண் இங்கே தவறு செய்யும். அங்கே பலகை என்றால் சட்டப் பாதுகாப்பு. இங்கே பலகை மட்டும் இருந்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பலகை நிற்கும் வீட்டை அடுத்த வாரம் இடித்து வாகன நிறுத்தம் கட்டலாம். பலகை மட்டும் 'இங்கே ஒரு வீடு இருந்தது' என்று நின்றுகொண்டிருக்கும்.

தேசியப் பதிவேடும் தனியார் தம் சொந்தப் பணத்தில் தம் சொந்தக் கட்டடத்தை இடிப்பதைத் தடுக்காது. மத்திய அரசின் பணமோ, உரிமமோ, அனுமதியோ ஒரு வேலையில் கலந்திருந்தால்தான் 1966 சட்டத்தின் 106-ஆம் பிரிவு உயிர் பெறும். அதுவும் 'பாதிப்பை ஆராய்ந்து, கலந்து பேசி முடிவெடு' என்றுதான் சொல்கிறது; 'இடிக்காதே' என்று சொல்லவில்லை. பதிவேட்டால் கிடைக்கும் பெரிய பலன் வரியில்: வருமானம் தரும் பழைய கட்டடத்தை விதிப்படி புதுப்பித்தால் செலவில் 20 விழுக்காடு மத்திய வரிக் கழிவாகக் கிடைக்கும். சிற்றூர்க் கடைத்தெருக்கள் பிழைத்திருப்பதற்கு இந்தக் கழிவும் ஒரு காரணம்.

டெக்சஸ் ஒரு விதிவிலக்கு. அங்கே 'பதிவுபெற்ற டெக்சஸ் வரலாற்று அடையாளம்' என்ற தகடு பெற்ற கட்டடத்தின் வெளிப்புறத்தை மாற்ற, உரிமையாளர் 60 நாள் முன்னதாக மாநில ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அங்கும் தடை கிடையாது, தாமதம் மட்டுமே.

1873 ஏப்ரல் 13

கிராண்ட் பாரிஷ் 1869-இல் உருவாக்கப்பட்டது. அதிபர் யுலிசஸ் கிராண்டின் பெயர் பாரிஷுக்கு, துணை அதிபர் ஷைலர் கோல்ஃபாக்ஸின் பெயர் ஊருக்கு. முன்பு கால்ஹூன் குடும்பத்தின் தோட்டமாக இருந்த நிலம் அது. அந்தத் தோட்டத்துக் குதிரை லாயத்தைத்தான் நீதிமன்றமாக மாற்றியிருந்தார்கள்.

போரில் தோற்ற தெற்கை மத்திய அரசு திருத்தி அமைத்த 'மறுசீரமைப்புக் காலம்' அது. விடுதலை பெற்ற கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை வந்துவிட்டது. 1872-இல் நடந்த லூசியானா ஆளுநர் தேர்தலில் கறுப்பின வாக்காளர் ஆதரித்த குடியரசுக் கட்சியின் வில்லியம் பிட் கெல்லாக், எதிரணியின் ஜான் மெக்கனெரி இருவருமே தாம் வென்றதாகச் சொன்னார்கள். மாநிலத்தில் இரண்டு அரசுகள். பாரிஷிலும் அதே கதை: நீதிபதி பதவிக்கும் ஷெரீஃப் (காவல் தலைவர்) பதவிக்கும் இரண்டிரண்டு பேர்.

கெல்லாக் தரப்பு நீதிமன்றக் கட்டடத்தைக் கைக்கொண்டது. கறுப்பின ஆண்கள் அதைச் சுற்றி மண் வெட்டி அரண் அமைத்துக் காத்தார்கள். ஏப்ரல் 5 அன்று ஜெஸ்ஸி மெக்கின்னி என்ற கறுப்பின உழவர் தம் வீட்டு வேலியருகே சுட்டுக் கொல்லப்பட்டதும், சுற்று வட்டாரக் குடும்பங்கள் பாதுகாப்புத் தேடி ஊருக்குள் வந்தன. எதிரணியின் ஷெரீஃபாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட கிறிஸ்டஃபர் கொலம்பஸ் நாஷ் ஆயுதமேந்திய வெள்ளையரைத் திரட்டினார். அவர்களிடம் சிறு பீரங்கி ஒன்றும் இருந்தது.

ஈஸ்டர் ஞாயிறான ஏப்ரல் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. நீதிமன்றத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்து சரணடைந்த பிறகும் சுடப்பட்டார்கள். கைதிகளாகப் பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் அன்றிரவு கொல்லப்பட்டார்கள். குண்டடி பட்டும் உயிர் தப்பிய லீவை நெல்சன் பின்னர் வழக்கில் சாட்சி சொன்னார். கொல்லப்பட்ட கறுப்பினத்தவரின் எண்ணிக்கை 62 முதல் 153 வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. உடல்கள் பல ஆற்றோடு போயின. வெள்ளையரில் இறந்தவர்கள் 3 பேர்.

தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மேல் குற்றம் சாட்டப்பட்டு, சிலரே விசாரணைக்கு வந்து, மூவர் மட்டும் தண்டிக்கப்பட்டார்கள். 1876 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூவரையும் விடுவித்தது. 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் குரூக்‌ஷாங்க்' என்பது வழக்கின் பெயர். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி மாரிசன் வெயிட். எல்லாருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு தரும் அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம் மாநில அரசுகளின் செயலைத்தான் கட்டுப்படுத்தும், தனிநபர்களின் செயலை அன்று என்பது அதன் சாரம். விளைவு: தெற்கில் கறுப்பினத்தவர் மீது நடந்த கும்பல் வன்முறையை மத்திய அரசு வழக்காடித் தண்டிக்கும் வழி அடைபட்டது. மாநிலங்களிடம் விடப்பட்டது. மாநிலங்கள் பெரும்பாலும் யாரையும் தண்டிக்கவில்லை.

பலகையின் இரண்டு வாக்கியங்கள்

1950-இல் வைத்த பலகையின் தலைப்பு 'கோல்ஃபாக்ஸ் கலவரம்'. கீழே இரண்டே வாக்கியங்கள். 'இந்த இடத்தில் நடந்த கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர். 1873 ஏப்ரல் 13 நிகழ்ந்த இச்சம்பவம் தெற்கில் கார்ப்பெட்பேக் முறைகேட்டு ஆட்சியின் முடிவைக் குறித்தது.'

பழைய பலகைகளை வாசிக்கக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாடம் கிடைக்காது. ஏனென்றால் இது எண்ணிக்கையை மறைக்கவில்லை. 150 என்று, ஆய்வாளர்களின் மேல் மதிப்பீட்டை ஒட்டியே எழுதியிருக்கிறது. தவறு வேறெங்கோ இருக்கிறது.

1. 'கலவரம்' என்ற சொல். இருபுறமும் கட்டுக்கடங்காமல் அடித்துக்கொண்டதைக் குறிக்கும் சொல் அது. சரணடைந்தவர்களைச் சுட்டதற்குக் 'கலவரம்' என்று பெயர் வைத்தால் சுட்டவர் யார் என்ற கேள்வியே எழாது. தெற்கின் பழைய பலகைகளில் 'கலவரம்' என்று கண்டால், இறந்தோர் எண்ணிக்கை எந்தப் பக்கம் எத்தனை என்று தேடிப் பார்ப்பது நல்லது. 3-க்கு 150 என்பது கலவரத்தின் விகிதம் இல்லை.

2. வாக்கியத்துக்கு எழுவாய் இல்லை. 'கொல்லப்பட்டனர்'. கொன்றவர் இல்லை. செயப்பாட்டு வினை பலகைகளின் பழைய நண்பன். இடப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்லி உள்ளே வந்துவிடும்.

3. 'கார்ப்பெட்பேக்' என்ற வசை. கம்பளத் துணியில் தைத்த மலிவுப் பையோடு வடக்கிலிருந்து வந்து இறங்கி அரசியலில் கொழுத்தவர்கள் என்று, மறுசீரமைப்புக் கால வடக்கத்தியரைத் தெற்கு வெள்ளையர் ஏசிய சொல். அவர்களோடு சேர்ந்த உள்ளூர் வெள்ளையருக்கு 'ஸ்கேலவேக்' என்று தனி வசை. மாநில அரசின் பலகை ஒரு தரப்பின் வசைச் சொல்லையே ஆட்சியின் பெயராக எழுதுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்து வில்லியம் டன்னிங்கும் அவர் மாணவர்களும் மறுசீரமைப்பை ஊழல் ஆட்சியாக வரைந்த காட்சி, அப்போது பாடநூல் வரை பரவியிருந்தது. பலகை எழுதியவர் தனியாகக் கற்பனை செய்யவில்லை. தம் காலத்துப் பாடத்தை ஒப்பித்தார்.

4. இவ்வளவுக்கும் மேலே, தகவலே பிழை. கோல்ஃபாக்ஸோடு எந்த ஆட்சியும் முடியவில்லை. கெல்லாக் 1877 ஜனவரி வரை ஆளுநராகவே இருந்தார். மத்தியப் படை பின்வாங்கி லூசியானாவில் மறுசீரமைப்பு முடிந்ததும் 1877-இல்தான். நான்கு ஆண்டு வித்தியாசம். 1874-இல் இதே வட்டாரத்தில் 'வெள்ளையர் லீக்' என்ற ஆயுதக் குழு முளைத்தது, அதைத் தொடங்கிவைத்தவர்களில் நாஷும் ஒருவர். ஆகவே பலகை 'முடிவு' என்று எழுதிய இடத்தில் வரலாறு தொடக்கத்தைக் காட்டுகிறது.

பலகையின் அடியில் நட்ட துறையின் பெயரும் இருந்தது: லூசியானா வணிக, தொழில் துறை. வரலாற்றுத் துறை இல்லை. சுற்றுலாவும் தொழிலும் வளர்க்கும் துறை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தெற்கின் பல பலகைகள் காரில் வரும் பயணிகளை ஊருக்குள் இழுக்க நடப்பட்டவை. வர்ஜீனியா 1927-இலேயே முதல் நெடுஞ்சாலைப் பலகைகளை வைத்தது, வட கரோலினா 1930-களின் நடுவில். ஓடும் வண்டியிலிருந்து படிக்க வேண்டும் என்பதால் வட கரோலினாப் பலகைகள் இன்றும் சில வரிகளில் முடிந்துவிடும்.

தூண் ஏன் நின்றது

கல்லறைத் தோட்டத்துத் தூண் 12 அடி உயரப் பளிங்கு. ஸ்டீஃபன் டெக்கேட்டர் பாரிஷ், ஜேம்ஸ் வெஸ்ட் ஹேட்னாட், சிட்னி ஹாரிஸ் என்ற மூன்று வெள்ளையரின் பெயரைச் சொல்லி, 'வெள்ளையின மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு' கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் வீழ்ந்த 'வீரர்கள்' என்கிறது. 1950-இன் பலகை மழுப்புகிறது. 1921-இன் தூண் மழுப்பவில்லை. ஆய்வாளர்கள் சிலருக்குத் தூண் பலகையைவிட நேர்மையான ஆவணமாகத் தோன்றுவது இதனால்தான். நோக்கத்தை அது வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

ஆனால் தூண் நிற்பதற்கு அது காரணம் இல்லை. காரணம் உடைமை. பலகை மாநிலத் துறையின் சொத்து. அந்தத் துறையின் வழிவந்த அலுவலகம் சம்மதித்தால் போதும், கழற்றி எடுத்துவிடலாம். தூண் கல்லறைத் தோட்டத்துக்குள் இறந்தவர்களின் பெயரோடு நிற்பது. அங்கே சாலைப் பலகையின் அதிகாரம் செல்லாது. அருங்காட்சியகம் ஒன்றில் விளக்கத்தோடு வைப்பது என்ற எண்ணத்தில் பலகையை அகற்றினார்கள்.

2023-இன் கருங்கல் சின்னத்துக்காக உழைத்தவர்களில் ஒருவர் கொல்லப்பட்டவரின் வழித்தோன்றல், மற்றவர் தாக்கியவர்களில் ஒருவரின் வழித்தோன்றல். அதில் பெயர் உறுதிசெய்ய முடிந்த 57 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1921-இல் வெள்ளையருக்குப் பெயர் இருந்தது, கறுப்பினத்தவர் இடம்பெறவே இல்லை. 1950-இல் இரு தரப்பும் வெறும் எண். 2023-இல்தான் கறுப்பினத்தவருக்குப் பெயர் வந்தது.

எந்த மாநிலத்தில் யார் எடுக்கலாம்

இதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். செய்தியில் 'ஊர் மன்றம் தீர்மானம் போட்டது, ஆனால் சிலை நகரவில்லை' என்று வந்தால் பெரும்பாலும் இவற்றில் ஒன்று குறுக்கே நிற்கும்.

1. அலபாமா. 2017 சட்டப்படி பொது இடத்தில் 40 ஆண்டுக்கு மேல் நிற்கும் நினைவுச்சின்னத்தை ஊராட்சி அகற்றக் கூடாது. மீறினால் 25,000 டாலர் அபராதம். பர்மிங்ஹாம் நகரம் 2020-இல் தன் சிலையை அகற்றி அந்தத் தொகையைக் கட்டியது. பெருநகரத்துக்கு இது கட்டக்கூடிய தொகை. சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு அது ஆண்டு வரவுசெலவில் பெரிய துண்டு. ஒரே அபராதம் எல்லாரையும் ஒரே அளவில் தடுப்பதில்லை.

2. மிசிசிப்பி. போர் நினைவுச்சின்னங்களை அழிக்கவோ ஒளிக்கவோ முடியாது, ஆனால் பொறுப்பில் உள்ள அமைப்பு பொருத்தமான வேறிடத்துக்கு மாற்றலாம். கல்லறைத் தோட்டங்களுக்குச் சிலைகள் இடம்பெயர்வது இந்த வழியில்தான்.

3. வர்ஜீனியா. நெடுங்காலம் தடை இருந்தது. 2020 ஜூலை 1 முதல் முடிவு ஊராட்சிகளின் கையில்.

4. நிலம் தனியாருடையதாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பேசாது. அலபாமாவின் டஸ்கீகியில் மக்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் கூட்டமைப்புப் படைவீரர் சிலை. சிலையும் அடியிலுள்ள நிலமும் 1906-இலேயே புதல்வியர் ஒன்றியத்தின் கைக்குப் போனவை. பார்க்கப் பொதுச் சதுக்கம், பத்திரத்தில் தனியார் நிலம்.

அதனால் முதல் வேலை நீதிமன்ற அலுவலகத்தில் நிலப் பத்திரத்தைப் பார்ப்பது. போராட்டம், தீர்மானம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு.

புதுப் பலகை எப்படி வருகிறது

மாநிலத்துக்கு மாநிலம் படிவம் மாறினாலும் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

1. சான்று. நிலப் பத்திரம், மக்கள்தொகைப் பதிவு, அக்காலச் செய்தித்தாள், நீதிமன்ற ஆவணம் ஆகிய மூலச் சான்றுகள் வேண்டும். குடும்பக் கதையும் பழைய ஊர்மலரும் போதாது. 'முதல்', 'மிகப் பழைய', 'ஒரே' என்ற சொற்களோடு வரும் விண்ணப்பங்கள்தான் அதிகம் திரும்புகின்றன. பக்கத்து ஊரில் இன்னொரு 'முதல்' எப்போதும் இருக்கும்.

2. இடம். தனியார் நிலமென்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம். சாலையோரமென்றால் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி. வண்டியை ஓரங்கட்ட இடமில்லாத வளைவில் அனுமதி கிடைக்காது. சம்பவம் நடந்த இடத்துக்கும் பலகைக்கும் அரை மைல் இடைவெளி விழுவது இப்படித்தான். 'இந்த இடத்தில்' என்று எழுதுவதா, 'இங்கிருந்து வடக்கே' என்று எழுதுவதா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும்.

3. வாசகம். ஒரு முகத்துக்குச் சுமார் 100 சொற்கள். மாநில அலுவலகம் திருத்தும், பிறகு குழு ஒப்பும்.

4. பணம். சில ஆயிரம் டாலர். பெரும்பாலும் விண்ணப்பித்த சங்கமோ தேவாலயமோ குடும்பமோதான் கொடுக்கும். எந்த ஊரில் யாருக்குப் பலகை வந்தது என்பதைத் தீர்மானித்ததில் வரலாற்றுக்கு எவ்வளவு பங்கோ, இந்த விதிக்கும் அவ்வளவு பங்கு. காசும் அலுவலகத் தொடர்பும் இருந்த குடும்பங்களின் மாளிகைகளுக்குப் பலகை வந்தது; பருத்திக் காட்டுக் குடிசைகளுக்கு வரவில்லை.

5. வார்ப்பு. பல மாநிலங்களின் பலகைகள் ஒஹாயோ மாநிலத்து மரியெட்டாவில் உள்ள சீவா ஸ்டூடியோஸ் ஃபவுண்டரியிலிருந்து வருபவை; 1927 முதல் இதே தொழில். (நிறுவியவரின் குடும்பப் பெயரான ஹாஸின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து படித்தால் சீவா.)

வேலை இப்படி: பலகை அளவில் ஓர் அச்சுப் பலகை. அதன் மேல் எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். சுற்றிலும் மணலை இறுக்கி அச்சை உருவினால் பள்ளம் மிஞ்சும். அதில் உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், ஊற்றும்போது சூடு அதற்கும் மேலே. ஆறும்போது நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால் பங்கு சுருங்கும். 42 அங்குலப் பலகைக்கு அது ஏறக்குறைய அரை அங்குலம். ஆகவே அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்வார்கள். எழுத்தின் ஓரங்கள் செங்குத்தாக இருந்தால் உருவும்போது மணல் உடையும். உடைந்தால் சிறிய எழுத்துகளின் உள்வட்டம் அடைத்துக்கொள்ளும். கடைசியில் பின்னணிக்குப் பூச்சு, புடைத்த எழுத்துகளின் தலையில் உருளையால் இன்னொரு நிறம்.

வார்த்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆண்டு ஒன்று பிழையானால் முழுப் பலகையும் புதிதாக வார்க்க வேண்டும், அந்தச் செலவுக்கு யாரும் முன்வருவதில்லை. பழைய பிழைகள் இத்தனை நாள் வாழ்வதற்கு எப்போதும் சதி காரணம் இல்லை.

6. நடுதல். தோண்டுமுன் 811 எண்ணை அழைத்து நிலத்தடிக் குழாய், மின்கம்பி இருக்குமிடத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். கம்பம் பொதுவாக 7 அடி. அடிப்பகுதி கான்கிரீட்டில் அமரும். ஈரக் கான்கிரீட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் புதையும் பகுதிக்குத் தார்ப் பூச்சு கொடுப்பது நல்லது.

குண்டு துளைத்த பலகை

சரியான வாசகத்தோடு பலகை வைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமா? மிசிசிப்பியின் டாலஹாச்சி கவுண்டியில் நடந்தது வேறு. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயது கறுப்பினச் சிறுவன் எமெட் டில் கடத்திக் கொல்லப்பட்டான். அவனை அடித்துத் துன்புறுத்திய களஞ்சியம் இருந்தது சன்ஃபிளவர் கவுண்டியில். உடல் ஆற்றில் கிடைத்தது டாலஹாச்சி கவுண்டியில், அதனால் வழக்கு சம்னர் என்ற சிற்றூரின் நீதிமன்றத்துக்கு வந்தது. முழுக்க வெள்ளை ஆண்களால் ஆன ஜூரி 67 நிமிடத்தில் ராய் பிரயன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில் பணம் வாங்கிக்கொண்டு இருவரும் ஒரு பத்திரிகைக்குக் கொலையை ஒப்புக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஊரில் ஒரு பலகையும் இல்லை. 2007-இல்தான் நீதிமன்றத்தின் முன் மாநிலப் பலகை வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று அதே படிகளில் கவுண்டி மக்கள் குழு டில் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டது.

உடல் கரையேறியதாகக் கருதப்படும் கிராபால் படித்துறையில் 2008-இல் வைத்த பலகை திருடுபோனது. அடுத்தது குண்டுகளால் சல்லடையானது. 2018-இல் வைத்த மூன்றாவதை 35 நாளில் சுட்டார்கள். 2019 அக்டோபரில் 500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள, குண்டு துளைக்காத நான்காவது பலகை வந்தது. துளைத்த பலகைகளில் ஒன்று, 317 துளைகளோடு, 2021-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2023 ஜூலை 25 அன்று கிராபால், சம்னர் நீதிமன்றம், சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம் மூன்றும் சேர்த்துத் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன. பலகை தராத சட்டப் பாதுகாப்பு அப்போதுதான் கிராபாலுக்கு வந்தது.

உடல் கிடைத்தது கிராபாலில்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆற்றில் கிடைத்த உடலுக்குச் சரியான கரையைச் சாட்சிகளின் நினைவிலிருந்து குறிப்பது எளிதில்லை. நின்று நினைக்க ஓரிடம் வேண்டும் என்ற தேவையும், அங்குலம் பிசகாத இடம் வேண்டும் என்ற தேவையும் இங்கே மோதுகின்றன. படித்துறையைத் தேர்ந்தவர்கள் முதல் தேவைக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். அதில் தவறில்லை, 'கருதப்படும்' என்ற ஒரு சொல் வாசகத்தில் இருந்தால் போதும்.

பராமரிப்பில் நடக்கும் தவறுகள்

அலுமினியப் பலகைக்கு மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் போதும். அழுத்த நீர்ப் பீய்ச்சி எழுத்தின் பூச்சை உரிக்கும். புல்வெட்டும் எந்திரமே பலகைகளின் அன்றாட எதிரி. கம்பத்தின் அடியில் ஓர் அடிக்குச் சரளை கொட்டிவிட்டால் எந்திரம் கிட்டே வராது. வண்டி மோதினால் பலகையும் கம்பமும் சேரும் கழுத்தில் விரிசல் விழும், அதை உடனே ஒட்டவைக்காமல் விட்டால் அடுத்த புயலில் பலகை கீழே.

பளிங்கில் பிளீச் ஊற்றுவது எல்லாவற்றிலும் மோசம். முதல் வாரம் வெண்மையாகத் தெரியும். உள்ளே தங்கும் உப்பு உலரும்போது படிகமாகி மேற்பரப்பைச் சர்க்கரைபோல் உதிர்க்கும். கம்பித் தூரிகையும் அமிலமும் அதே வேலையைச் சீக்கிரம் செய்யும்.

நேரில் பார்க்கப் போனால்

1. கடைசி வரியை முதலில் படியுங்கள். நட்டவரும் ஆண்டும் அங்கேதான். அது பலகையின் பிறந்த ஆண்டு, சம்பவத்தின் ஆண்டு இல்லை.

2. பின்பக்கம் போய்ப் பாருங்கள். சில மாநிலங்களில் இரண்டு முகத்திலும் ஒரே வாசகம். சிலவற்றில் கதை பின்பக்கம் தொடரும், சங்கடமான பாதி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

3. பெயர் உள்ளவர்களையும் எண்ணாக மட்டும் வருபவர்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

4. வினைச்சொல்லுக்கு எழுவாயைத் தேடுங்கள். 'எரிந்தது' என்றால் எரித்தவர் யார், 'கைவிடப்பட்டது' என்றால் துரத்தியவர் யார்.

5. பலகை இல்லாத இடங்களை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். கறுப்பினத்தவருக்கான பழைய பள்ளி, ரயில்பாதைக்கு அப்பாலுள்ள கல்லறைத் தோட்டம் எங்கே என்று கேட்டால் வழி சொல்வார்கள்.